ரவையில்லாத வெடி

வெடிச் சத்தம் கேட்டதா, கதை முடிந்தது. சுட்டது சுட்டதுதான். இன்னொரு தடவை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கறுப்பு மான் விடுதியின் குறி சுடும் ராஜா போட்டியில் அதுதான் சட்டம். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு, காலையில் மாதாகோயில் பூசை முடிந்து, மதியம் சாப்பிட்ட கையோடு, நீள அறையின் மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தொடங்குவார்கள். ஆளுக்கு ஒரே வெடி. அவனவன் துப்பாக்கியை அவனவனே நிரப்ப வேண்டும், அப்பனே ஆனாலும் கை கொடுக்கக் கூடாது. நடுப்புள்ளியை நெருங்கினவன் அந்த வருஷத்து ராஜா, அவனுக்கு வெள்ளிச் சங்கிலி. அடுத்தவனுக்குத் தொத்திறைச்சி மாலை.

விட்டுஸ் ஆங்கருக்குச் சங்கிலியும் வேண்டாம், மாலையும் வேண்டாம். குறி அட்டையில் எங்காவது ஒரு ஓட்டை விழுந்தால் போதும்.

யுத்தத்துக்கு முன்னால் அவன் வனக்காவலன். ருஷ்யச் சிறை முகாமிலிருந்து சென்ற வசந்தத்தில் திரும்பியபோது உயிர் வந்தது, கைகள் வரவில்லை. வந்தவை யாருடைய கைகளோ. சூப்பு குடித்தால் கரண்டி ஆடிப் பாதி மேஜைக்கு. வன அதிகாரி ரேம் நல்லவர்தான். போட்டியில் அறைக்குள் சுடுகிற சின்னத் துப்பாக்கியால் அட்டையைத் தொட்டுக்காட்டு, மறுநாளே காட்டுக்கு வா என்று சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் பட்டணத்தில் ஏதாவது ஆலையின் வாசலில் உட்கார வேண்டியதுதான்.

ஊரில் யாரும் நம்பவில்லை. வால்புர்கா நம்பினாள். அவன் மனைவி. சாயங்காலம்தோறும் மாட்டுக்கொட்டகையில் அவன் வெறும் துப்பாக்கியைத் தூக்கிப் பிடிப்பான். அவள் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குழல் நுனியைப் பார்ப்பாள். நேற்றைக்கு இன்று அசைவு குறைச்சல் என்பாள். பொய் சொல்லத் தெரியாதவள். ரயிலடியில் இறங்கிய அன்றைக்கே, சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இருக்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்னவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் தொங்கினான்.

துப்பாக்கிச் சங்கத் தலைவர் குவிரின் அவன் பெயரைக் கூப்பிட்டார். விட்டுஸ் எழுந்தான், ஊருக்கு வெறும் விட்டு.

"விட்டு, அந்தச் சுவத்துல இருக்கற மான் தலைய விட்டுடு," என்றான் கசாப்புக்கடை அலோய்ஸ். "அது ஏற்கெனவே செத்துருச்சு."

சிரிப்பு எழுந்து சட்டென்று அடங்கியது. யாரோ அலோய்ஸின் காலை மிதித்திருக்க வேண்டும்.

நிரப்பும் மேஜையில் பச்சைத் துணி. ஒரு டப்பாவில் மிளகளவு ஈய ரவைகள். இன்னொன்றில் வெற்றுத் தோட்டாக்கள், ஈயம் இல்லாமல் வெடிக்க மட்டும் தெரிந்தவை. குழலின் முன்பக்கத்துச் சின்னத் துளையைத் திறந்து, குட்டிக் கரண்டியால் முதலில் ரவை, பின்னால் தோட்டா. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஆனால் கரண்டி துளையைச் சுற்றிச் சுற்றி ஆடியது. ஒரு தடவை தவறியது. மறுபடி முயன்றான். முதுகுக்குப் பின்னால் அறை முழுக்க மூச்சைப் பிடித்திருந்தது. ரவை உள்ளே போய்விட்டது என்று நினைத்தான். தோட்டாவைச் செருகி மூடினான்.

எதிர்க் கோடியில் குறிகாட்டி காஸ்டல் தன் பலகை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றான். ஒவ்வொரு வெடிக்கும் அட்டையைப் பார்த்து, விழுந்த இடத்தை நீளக் கம்பால் தொட்டுக் காட்டுவது அவன் வேலை.

விட்டுஸ் துப்பாக்கியைத் தூக்கினான். குழல் அட்டையைக் கடந்தது, சுவரைக் கடந்தது, திரும்பி வந்தது. விசை மயிரிழைக்கே விழும். விரல் பட்டதா, நடுக்கம் பட்டதா தெரியவில்லை.

டப்.

சத்தம் சரியில்லை. உலர்ந்து, லேசாக, உள்ளே எதுவும் இல்லாத சத்தம். குனிந்து மேஜையைப் பார்த்தான்.

பச்சைத் துணியின் மடிப்பில் அவனுடைய ரவை கிடந்தது.

இருந்த ஒரு வெடியும் வீண். ஆனாலும் ஒரு சின்ன நிம்மதி. குறி தவறவில்லையே, ரவை உள்ளே போகாததுதானே. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று வால்புர்கா சொல்வாள். நிமிர்ந்து, அதைச் சொல்ல வாயைத் திறந்தான்.

காஸ்டலின் கம்பு அட்டையின் நட்டநடுவைத் தொட்டது.

அறை இடிந்து விழுகிற மாதிரி ஆரவாரம். மேஜைகளில் பீர் குவளைகள் தடதடத்தன. விட்டுஸ் வால்புர்காவைத் தேடினான். அவள் அட்டையைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. காஸ்டலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லும் பார்வை. காஸ்டல் லேசாகத் தலையசைத்துவிட்டு எதையோ சட்டைப் பைக்குள் போட்டான். அட்டையில் ஓட்டை போட்ட ஆணியோ, குத்தூசியோ.

அவளுமா?

அப்படியானால் மாட்டுக்கொட்டகையில் சொன்னதெல்லாம்?

"தலைவரே," என்றான். ஆரவாரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னான். "தலைவரே, நான் ரவை போடல. இதோ கெடக்கு பாருங்க."

அலோய்ஸ் குவளையைப் பாதியில் நிறுத்தினான். குவிரின் மெதுவாக வந்தார். துணி மடிப்பைப் பார்த்தார். ரவையை இரண்டு விரலால் எடுத்து டப்பாவுக்குள் போட்டார். மற்ற ரவைகளோடு அது கலந்துபோனது.

"நாள் முழுக்க நூறு ரவை சிந்துது, விட்டு. இது எவனோடதோ."

"என்னோடதுதான். வெடிச்ச சத்தம் உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே? முப்பது வருஷமா கேக்குற காது."

குவிரின் அவன் கண்ணைப் பார்க்காமல் தோளில் கை வைத்தார். "எனக்குக் காது மந்தமாயிட்டு வருது."

வன அதிகாரி ரேம் மீசையைத் துடைத்துக்கொண்டு, அடக்கம் ஜாஸ்தி நம்ம ஆளுக்கு என்றார். திங்கட்கிழமையே வரலாம், ஆனால் காட்டுப் பக்கம் வேண்டாம், அலுவலகத்தில் வரைபடங்களை அடுக்கிவைக்க ஆள் வேண்டியிருக்கிறது என்றார். துப்பாக்கி? அதற்கென்ன அவசரம், பார்க்கலாம்.

அவருக்கும் தெரியும். அறையில் தெரியாதவன் அவன் ஒருவன்தான்.

வால்புர்கா பக்கத்தில் வந்தாள். கன்னம் சிவந்திருந்தது. "நான் சொன்னேன்ல," என்றாள். பிறகு தணிந்த குரலில், "விட்டு, எல்லாரும் பாக்குறாங்க. சிரியேன்."

"நெஜமாவே கை தேவலைன்னு நெனச்சியா, ஒரு நாளாவது?"

 அவள் அவன் கோட்டுக் காலரைச் சரி செய்தாள்.

குவிரின் சங்கிலியைக் கொண்டுவந்தார். பழைய வெள்ளிக் காசுகள், ஒவ்வொரு ராஜாவும் கோத்துவிட்டுப் போனவை. தலையைக் குனியச் சொல்லி மாட்டினார். கனம் கழுத்தில் இறங்கியது. எல்லோரும் புது ராஜாவின் பேச்சைக் கேட்க அமைதியானார்கள்.

அந்த அமைதியில்தான் கேட்டது. கிணுகிணு, கிணுகிணு. அவன் அசையாமல்தான் நின்றுகொண்டிருந்தான், ஆனால் மார்பில் காசுகள் ஒன்றோடொன்று இடித்து நிற்காமல் சத்தம் போட்டன. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். கை பட்டதும் சத்தம் இன்னும் கூடியது.

அலோய்ஸ்தான் முதலில் உரக்கப் பேச ஆரம்பித்தான், பன்றி விலையைப் பற்றி. அடுத்த மேஜைக்காரன் அதைவிட உரக்கப் பதில் சொன்னான். விடுதிக்காரர் அக்கார்டியன்காரனுக்குச் சைகை காட்டினார். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க, அவனைப் பார்க்காமல், தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தது.