சணப்பு விட்டுப்போன புளிப்பு

அன்று காலை கண்ணாடி அறைக்குள் இருந்தவர்கள்: அக்கா, கட்டடப் பொறியாளர், ஆராய்ச்சி நிலையத்தின் நிர்வாகி, நான். நிர்வாகிக்கு நாங்கள் வைத்த பெயர் 'சரிசரி'. எதைக் கேட்டாலும் சரி சரி என்பார், எதுவும் நடக்காது. அன்றைக்கு நடந்தது.

அது வயலுக்கு அடியில் இருக்கும் அறை. இரும்புப் படியில் இறங்கவேண்டும். இரண்டு பக்கமும் தடித்த கண்ணாடி, அதற்கு அப்பால் மண். மேலே வளரும் பயிரின் வேர் கண்ணாடியை ஒட்டி இறங்குவதைப் பார்க்கலாம். வெளிச்சம் பட்டால் வேர் விலகிவிடும் என்று கறுப்புத் திரை போட்டிருப்போம். தரையில் ஓயாமல் ஊறும் தண்ணீரை ஒரு பம்பு வெளியே தள்ளும். இரவெல்லாம் அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அக்கா யார் யார் காலையோ பிடித்து வாங்கித் தந்தது.

அக்கா மண்ணின் வேதியியல் படித்தவள். இந்த வயலில் சுண்ணாம்பு அதிகம். போடுகிற மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, மண் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பயிருக்குத் தராது. முக்கியப் பயிருக்கு முன்னால் சணப்பை மூடுபயிராக விதைத்தால் அதன் வேர் தன்னைச் சுற்றி அமிலப் புளிப்பைக் கசியவிடும், அதில் மணிச்சத்து இளகும். இதில் புதிதாக ஒன்றுமில்லை. சணப்பை அறுத்து, வேர் மண்ணுக்குள்ளேயே செத்தபிறகு, அந்தப் புளிப்பு அடுத்த பயிருக்காக நிற்குமா என்பதுதான் அவள் கேள்வி. நிற்காது, சுண்ணாம்பு சீக்கிரமே விழுங்கிவிடும் என்று பெரிய தலைகள் கைவிரித்துவிட்டன.

கண்ணாடியில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்து, சாயம் கலந்த ஜெல்லித் தாளை மண்ணில் ஒட்டி எடுப்பாள். தாள் ஊதா நிறம். புளிப்பு இருக்கிற இடத்தில் மட்டும் மஞ்சளாகும். சணப்பு செத்து வாரக்கணக்காகியும் அது இறங்கிய தடத்தில் மஞ்சள் கோடு விழுந்தது. இப்போது மேலே மக்காச்சோளம் நிற்கிறது. அதன் வேர் ஒன்று அந்தக் கோட்டுக்கு நாலு விரல் மேலே வந்திருந்தது. கோட்டுக்குள் நுழைந்து கிளைவிடுமா, இல்லை கண்டுகொள்ளாமல் போய்விடுமா என்று தெரிய இரண்டு மூன்று நாள் போதும்.

பொறியாளர் அறைக் கோடியில் விரிசல் விட்டிருந்த கடைசிச் சுவரைத் தட்டினார். "வயிறு தள்ளியிருக்கு பாருங்க மேடம். இது நிக்காது. இன்னிக்கே மூடணும்."

"மூணு நாள் குடுங்க சார்."

"நான் குடுப்பேன். சுவர் குடுக்கணுமே."

அக்கா நிர்வாகியைப் பார்த்தாள். அவர் விரிசலைப் பார்த்தார்.

"மேலேர்ந்து தோண்டிப் பார்த்துக்கலாமே?" என்றார்.

"தோண்டினா வேர் அறுந்துடும் சார். அறுந்த வேர்கிட்ட, எங்கே போகப் பார்த்தேன்னு எப்படிக் கேக்கறது?"

"சரி சரி. கேமரா வெச்சுட்டு வந்துடுங்க."

"கரண்ட்டை எடுக்கப் போறீங்க. பம்பு நிக்கும். ஒரே ராத்திரில தண்ணி ஏறிடும். கேமரா நீச்சல் அடிக்குமா?"

நிர்வாகி சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், உடனே என் பக்கம் திரும்பினார். "பம்பை நிறுத்திட்டு, பூட்டிட்டு, சாவியை ஆபீஸ்ல குடுத்துடு தம்பி." இருவரும் படியேறிப் போனார்கள்.

அக்கா திரையை ஒதுக்கினாள். வெள்ளை வேர், நூல் கனம். அது எங்களுக்காக அவசரப்படவில்லை.

"சாவியைக் குடுடா."

"எதுக்கு?"

"பம்பு ஓடட்டும். கரண்ட்டை எடுக்க ஆள் நாளைக்குத்தான் வருவான். நான் உள்ளேயே இருந்துக்கறேன். இன்னிக்குள்ள அது வந்தாலும் வந்துடும்."

"சுவர் வந்தா?"

"வரட்டும்."

"அது அவ்வளவு சாதாரணமாப் போச்சா உனக்கு?"

"எனக்கு வேற என்னடா இருக்கு? நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

தப்பு அவள் பக்கமும் இல்லை, பொறியாளர் பக்கமும் இல்லை. திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்காத நாள். கடைசிச் சுவரின் விரிசலிலிருந்து ஈரமண் ஒரு பிடி உதிர்ந்து என் செருப்பின் மேல் விழுந்தது. அவளும் பார்த்தாள். பார்த்த பிறகும் கையை நீட்டியபடியே நின்றாள்.

நான் பம்பின் சுவிட்சை அணைத்தேன்.

அந்த இரைச்சலில் மாதக்கணக்காக இருந்து பழகிய காது, அது நின்றதும் அடைத்துக்கொண்டது. பிறகு தண்ணீர் ஊறும் சத்தம் கேட்டது.

"பாவி," என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை.

"திட்டு. மேலே வந்து திட்டு."

அவள் கடைசியாக ஒரு தாளை எடுத்து மண்ணில் ஒட்டினாள். எடுத்தபோது அதே மஞ்சள் கோடு, அதற்கு மேலே வெறும் ஊதா. வேர் இன்னும் நாலு விரல் தள்ளித்தான் இருந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். சின்னக் கதவைச் சாத்தி, திரையை இழுத்து மூடினாள். வெளிச்சம் படக்கூடாதாம்.

"உன் வேலையும் போச்சு, தெரியுதா?"

"தெரியுது. இனிமே ராத்திரி தூங்கலாம்."

"தூங்கு," என்றாள்.

தண்ணீர் செருப்பை நனைக்கத் தொடங்கியிருந்தது. அவளை முன்னால் விட்டு நான் பின்னால் ஏறினேன். பாதிப் படியில் நின்று திரும்பினாள். நான் வழிவிடவில்லை. மேலே மக்காச்சோளம் எதுவும் தெரியாமல் பச்சையாக நின்றது. அவள் வரப்பில் கால் வைத்ததும் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டினேன்.