கண்ணாடியில் தெரிந்த கை

செவிப் பரிசோதனை அறையிலிருந்து என் கணவர் ஆர்னோல்ட் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அந்தச் சிரிப்பை நான் முன்பும் பார்த்திருக்கிறேன்.

"பாத்தியா மவுறீன், ஆமிக்காரன்ட காது!"

அவர் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த குழந்தை ஒன்று அழத் தொடங்கியது. பரிசோதிக்கும் பெண் நஸ்ஹா தாளைக் காட்டினாள்.

"அங்கிளுக்குக் கொஞ்சம்தான் குறைவு, அன்ரி. காது மெஷின் தேவைப்படாது."

கொஞ்சம்தானாம். இருபது வருடம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற மனிதர். நாவற்குடாவில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி மூன்று வீடு தள்ளிக் கேட்கும். மகள் றொவீனா தொலைபேசியில் அழுதால், ஏன் அழுகிறாள் என்று நான் அவர் முகத்துக்கு நேரே நின்று கத்தவேண்டும். துக்கத்தைக் கத்திச் சொன்னால் அது சண்டையாகிவிடுகிறது. பன்னிரண்டு வருடமாக அவரிடம் ஒரு சொல்லையும் நான் மெதுவாகச் சொன்னதில்லை. மெஷின் கிடைத்தால் ஒரு தடவையாவது சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் இழுத்து வந்தேன்.

அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அவர் இருந்த கதிரைக்கு எதிரே ஒரு கண்ணாடி அலுமாரி. அவர் பின்னால் இருந்த நஸ்ஹாவின் கருவியும் அவள் கை வைக்கும் இடமும் அதன் கண்ணாடியில் துலக்கமாகத் தெரிந்தன.

ஒரு நத்தார் பண்டிகைக்குக் குடித்துவிட்டு அவரே பீற்றியிருக்கிறார். காது போனது தெரிந்தால் பீரங்கியிலிருந்து மாற்றி, களஞ்சியத்தில் சாக்கு எண்ண விட்டுவிடுவார்களாம். அதனால் வருடாந்தப் பரிசோதனையில் சத்தம் கேட்டால் அமத்தவேண்டிய பொத்தானை எல்லோரும் சோதிப்பவனின் கையைப் பார்த்தே அமத்துவார்களாம். பழையவன் புதியவனுக்குப் பழக்குவானாம். அந்தப் பீரங்கிகள் போர்க்காலத்தில் வாவிக்கு அப்பால், கரடியனாற்றுப் பக்கத்து ஊர்கள்மேல் அடித்துக்கொண்டிருந்தன. காது போனாலும் அவருக்குப் பீரங்கியை விட மனமில்லை. அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைக்கவே கூசியது.

"மகள், கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்புங்க. இவர் உங்கட கையைப் பாத்துத்தான் அமத்தியிருக்கார்" என்றேன் நஸ்ஹாவிடம்.

நஸ்ஹா அலுமாரியைத் திரும்பிப் பார்த்தாள். "அல்லாஹ்வே! இவ்வளவு நாளும் நான் இத யோசிக்கல்லையே."

"என்னவாம்?" என்றார் ஆர்னோல்ட்.

"திரும்பவும் செய்யவேணுமாம்!" என்று கத்தினேன்.

"எத்தின தரமும் செய்வன்!"

இம்முறை சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். சட்டைக் கொலரில் எண்ணெய்ப் பிசுக்கு. பொத்தானின் மேல் தயாராக நின்ற கட்டைவிரல். நஸ்ஹா ஒலியைக் கூட்டினாள். ஹெட்போனை மீறிக் கசிந்த கீச்சொலி எனக்கே கேட்டது. அவர் அமத்தவில்லை. இன்னும் கூட்டினாள். விரல் அசையவில்லை. அவர் தோற்கத் தோற்க என் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. அதைக் கண்டுகொண்டபோது, அவரைவிட என்மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

நஸ்ஹா பேனாவை எடுத்தாள். "மெஷினுக்கு எழுதுறன், அன்ரி. ரெண்டு காதுக்கும்."

ஆர்னோல்ட் முதுகை நிமிர்த்தி, சுவரைப் பார்த்தபடியே இருந்தார்.

"என்ன புள்ள," என்று கத்தினார், "இன்னும் தொடங்கல்லையா?"