உயரத்தில் பாதி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் அந்தத் தனியார் பஸ்ஸில் அமலா ஏறியதுமே கண்டக்டரின் முகம் கறுத்துவிட்டது. கண்டக்டர் வேறு யாருமில்லை, அவள் புருஷன் இருதயராஜ்தான். பதினோரு மணிக்கு விழுப்புரத்தில் பெண்களுக்கான மாவட்டப் பளுதூக்கும் போட்டி. வேறு பஸ்ஸில் சத்தமில்லாமல் போயிருக்கலாம். ஆனால் புருஷனுக்குத் தெரியாமல் போய் ஜெயிப்பதில் என்ன ருசி இருக்கிறது என்று நினைக்கிற ஆள் அவள்.

எடையைக் குறைக்கத்தான் ஆறு மாதம் முன்பு ஜிம்மில் சேர்ந்தாள். எடை குறைந்தால் போட்டிக்குப் போகலாம், குறையாவிட்டால் ஜிம்மும் வேண்டாம், போட்டியும் வேண்டாம் என்று இருதயராஜ் கறாராகச் சொல்லியிருந்தான். நேற்று நிறுத்துப் பார்த்தால் இரண்டு கிலோ ஏறியிருந்தது. அது அவனுக்கும் தெரிந்துவிட்டது. அமலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கோச் அருணாவுக்கோ ஒரே சந்தோஷம். தோலைக் கிள்ளிப் பிடிக்கும் இடுக்கி ஒன்றால் அவள் புஜத்தையும் வயிற்றையும் தொடையையும் அளந்துவிட்டு, கொழுப்பு கரைந்து தசை ஏறியிருக்கிறது என்றாள். எடை மெஷினுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற பி.எம்.ஐ. கணக்குக்கும் தெரியாது என்றாள்.

இதையெல்லாம் இருதயராஜிடம் யார் சொல்லி மாளும்? அவன் ஐம்பத்தெட்டு கிலோ. கல்யாணத்தன்றும் அதே ஐம்பத்தெட்டு. அந்தக் கர்வத்தை மட்டும் நிறுத்துப் பார்த்தால் ஒரு டன் தேறும்.

"கூட்டேரிப்பட்டுல எறங்கி, எதிர்ல வர்ற பஸ்ஸப் புடிச்சி வூட்டுக்குப் போ. ஒனக்கு நான் டிக்கெட் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவன் நகர்ந்துவிட்டான். அமலா பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டேரிப்பட்டில் ஒரு விவசாயி இரண்டு மூட்டை ஏற்றினார். ஒன்று தோலோடு இருந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை; கதவையே அடைத்துக்கொள்ளும் அளவு பெரிசு. மற்றது தோலுடைத்து எடுத்த பருப்பு, அதில் பாதி அளவுகூட இல்லை. இருதயராஜ் பெரிய மூட்டைக்கு லக்கேஜ் கூடுதலாகக் கேட்டான். ரெண்டும் ஒரே எடைதான் என்று விவசாயி மல்லுக்கு நின்றார்.

"எடை எவ்ளோ இருந்தா எனக்கின்னாங்க? எடத்த அடைக்குதில்ல?"

அமலாவுக்குச் சுரீரென்று உறைத்தது. எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஏங்க, மூட்டைன்னா எடத்தப் பாக்குறீங்க. பொண்டாட்டின்னா மட்டும் எடையப் பாக்குறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. அவள் விடவில்லை. ஜன்னலோரம் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் நூல் வாங்கினாள். அருணா சொல்லிக்கொடுத்த இன்னொரு வழி இது: நம் உயரத்துக்கு நூல் வெட்டி, சரிபாதியாக மடித்து, இடுப்பைச் சுற்ற வேண்டும். முனைகள் தொட்டால் நல்லது. தொடாவிட்டால் வயிற்றுக்குள் கொழுப்பு குடியேறியிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து சீட்டுப் பெண் பிடித்துப் பார்த்தாள். முனைகள் தொட்டு, மேலே ஒரு விரல் நூல் மிச்சமே இருந்தது. அமலாவுக்குத் தலைகால் புரியவில்லை.

டிரைவர் சக்கரபாணி திரும்பிப் பார்த்து, "ராஜு, நீயும் நில்லுய்யா, பாப்போம்" என்றார்.

இருதயராஜ் அலட்சியமாக வந்து நின்றான். கையும் காலும் குச்சிதான். ஆனால் தொளதொள காக்கிச் சட்டைக்குள் என்ன இருக்கிறதென்று அதுவரை யார் பார்த்தார்கள்? அவன் உயரத்துக்கு வேறு நூல் வெட்டி, மடித்துச் சுற்றினாள் அமலா. முனைகள் தொட நான்கு விரல் குறைந்தது. அவன் வயிற்றை எக்கினான். மூச்சை விடச் சொன்னார் சக்கரபாணி. விட்டதும் ஐந்து விரலாயிற்று.

எல்லோரும் கைதட்டினார்கள். இருதயராஜ் மட்டும் நூல் முனைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைத் தடவிக்கொண்டே நின்றான்.

"மிக்கேல் அண்ணனும் என்ன மாதிரி ஒல்லிதான, அமலா" என்றான் மெதுவாக.

அவன் அண்ணன் மிக்கேல் போன வருஷம் வயலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உயிரை விட்டவன். நாற்பத்திரண்டு வயது. இந்த உடம்புக்கா இப்படி என்று ஊரே மாய்ந்து மாய்ந்து பேசியது. அமலாவின் கையிலிருந்து நூல் நழுவியது. சபையில் அவனை நிறுத்தி விளையாடினோமே என்று மனசு வலித்தது. போட்டி கிடக்கட்டும், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள்.

"ஞாயித்துக்கெழம அவசரத்துக்குதான் பாப்பாங்க. நாளைக்குப் போலாம். இன்னிக்கு நீ போய்த் தூக்கு." அவன் டபுள் விசில் கொடுத்தான். பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் அவள் பக்கம் குனிந்தான். "நாளைக்கு நீயும் கூட வா. எனக்குப் பயமா கீது."

பயம் என்று அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சக்கரபாணி பஸ்ஸை விரட்டினார். காற்று முகத்தில் அடிக்க, இன்றைக்கு எத்தனை கிலோ வைத்தாலும் தூக்கிவிடுவோம் என்று அமலாவுக்கு உடம்பெல்லாம் முறுக்கேறியது. விக்கிரவாண்டியில் ஏறியவர்களுக்கு இருதயராஜ் ஒரே கையால்தான் டிக்கெட் போட வேண்டியிருந்தது.