மூன்று சிப்பும் சொன்னது

ஆய்வுக்கூடத்தில் அவள் செய்த சிலிக்கான் சிப்பில் எட்டுக் கம்பிகள். கண்ணுக்குத் தெரியாது, ஒரு தலைமுடியை ஆயிரமாக வகிர்ந்தால் வருகிற கீற்றுத் தடிமன்தான். இதயம் அடிபட்டால் ரத்தத்தில் கசிகிற புரதம் அந்தக் கம்பியில் ஒட்டியதும் கரண்ட் மாறும். மாரடைப்பை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் என்று நாலு வருஷமாகத் தம்பட்டம் அடித்தவள், அது வாயைத் திறந்தபோது நம்பவில்லை. பெற்றவளே பிள்ளையைப் பொய்யன் என்றால் வேறு யார்தான் நம்புவார்கள்?

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தம் வேண்டும். அதற்கு யார் ஊரெல்லாம் அலைவது? சொந்தபந்தத்தைப் பிடித்து உட்கார வைப்பதுதான் அந்த ஆய்வுக்கூடத்தில் வழக்கம். அக்கா புருஷன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானாகவே வந்தார்.

"எடுத்துக்கோ, கொழுந்தியாளுக்கு இல்லாத ரத்தமா?"

குழாயில் 'ஆரோக்கியம்' என்று சீட்டு ஒட்டியவள் அவளேதான்.

மறுநாள் அத்தானின் ரத்தத்தை விட்டதும் திரையில் கோடு எகிறியது. சிப்பை மாற்றினாள். எகிறியது. மூன்றாவதிலும் அதே கதை. கட்டுரை அனுப்ப அன்றுதான் கடைசி நாள். 'சிப்பில் ஒட்டிய உப்பு சரியாகக் கழுவப்படவில்லை, அளவு தவறு' என்று எழுதி, அந்த அளவை அட்டவணையிலிருந்தே தூக்கிவிட்டாள். அத்தானுக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லை. சீட்டில்தான் ஆரோக்கியம் என்று இருக்கிறதே!

பத்தாம் நாள் அவர் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். உயிர் தப்பியது. இனிப் பாதி இதயத்தை வைத்துத்தான் காலம் தள்ளவேண்டும் என்றார் டாக்டர்.

"நான் சொன்னேனே, மெஷின் செய்யற கொழுந்தியா, இவதான்," என்று படுத்தபடியே நர்ஸிடம் பெருமையடித்தார். அவளுக்குத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அக்கா பெருமூச்சு விட்டாள். "உன் மெஷின் மட்டும் முன்னாடியே தயாராகியிருந்தா, இவருக்குச் சொல்லியிருக்கும்ல?"

ஆமாம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"சொல்லுச்சுக்கா," என்றாள். "மூணு தடவை சொல்லுச்சு. நான்தான் சிப்பு மேல பழியைப் போட்டு அழிச்சிட்டேன்."

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. அத்தான்தான் முதலில் வாய் திறந்தார். "மூணு தடவையுமா? அப்போ மெஷின் பாஸாயிடுச்சுன்னு சொல்லு!"

அடப்பாவி மனுஷா, நாலு வார்த்தை திட்டக்கூடாதா? வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

அக்கா ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்காமலேயே, "நீ கொஞ்சம் வெளியில இரு," என்றாள்.