இடக்கால் நொண்டிய வாத்து

என் தங்கை வீட்டுக்காரர் படகைக் கரையேற்றிய அன்று ஏரியில் தண்ணீர் தெரிந்தது என்று நான் சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஆகாயத்தாமரைதான் தெரிந்தது. அதன்மேல் ஓர் ஆடு நடந்தே அக்கரைக்குப் போய் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆடு என்பது கொஞ்சம் அதிகப்படி. கோழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பது வருஷம் நர்சரி நடத்தியவன் நான். ஊதாப் பூவும் அதில் மயிற்கண் போல ஒரு மஞ்சள் பொட்டுமாக அந்தச் செடி என் தொட்டிக்கு வந்தபோது 'நீர்ராணி' என்று பலகை எழுதி வைத்தேன். எங்கோ ஒரு ராணி குளித்த குளத்தில் பூத்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். யாரும் ராணியின் பெயரைக் கேட்கவில்லை. ஒரே சங்கடம், இரண்டு வாரத்தில் ஒன்று இரண்டாகிவிடும். தொட்டி கொள்ளாது, குப்பையில் கொட்டவும் மனசு வராது. அதனால் கொசுறாகக் கொடுக்க ஆரம்பித்தேன். ரோஜா வாங்கினாலும் சரி, குரோட்டன்ஸ் வாங்கினாலும் சரி, ஒரு பாலிதீன் பையில் தண்ணீர் பிடித்து, ஒரு செடியைப் போட்டுக் கையில் திணித்துவிடுவேன். தாராள மனசுக்காரர் என்று பெயர் வாங்கினேன். அவர்கள் வீட்டுத் தொட்டியும் ஒருநாள் நிறையுமே என்று யோசிக்கிற வேலையை அவர்களுக்கே விட்டுவிட்டேன்.

தங்கை ஏரிக்கரையில் குடியேறியபோது வாசலில் ஒரு சிமென்ட் தொட்டி வைத்து, அதில் நானே நாலு செடி விட்டேன். மிஞ்சியதை அவள் பேசினில் அள்ளிக்கொண்டு போய் ஏரியில் விடுவாள். "காயப் போட்டுக் கொல்ல மனசு வரலண்ணே. அதுவும் ஒரு உசிருதானே" என்றாள். நானும் புண்ணியம் என்று சொல்லி வைத்தேன்.

இரண்டாம் வருஷம் மாப்பிள்ளை வீசிய வலையில் மீனுக்குப் பதிலாக வேர்க்கொத்து வந்தது. வாசலில் நின்று கத்தினார்.

"எவன் இத என் ஏரியில விட்டது? கையில கெடச்சான், இதே வலையில சுத்தி முக்கிருவேன்!"

கதவருகே தங்கை, கையில் அதே பேசினோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் வாயைத் திறந்தேன். வாயிலிருந்து ஒரு வாத்து வந்தது.

"வாத்து, மாப்ள. வெளிநாட்டு வாத்து. கண்ணால பார்த்தேன். கால்ல வேரு சுத்திக்கிட்டு, இடது கால நொண்டி நொண்டி எறங்குச்சு."

"நொண்டுச்சா?"

"மூணு கடல் தாண்டி வந்திருக்குல்ல."

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு கல்லை எடுத்து, கரையோரம் நின்ற ஒரு வாத்தின்மேல் எறிந்தார். படவில்லை. அதற்கப்புறம் ஒன்பது வருஷம் எறிந்தார். ஒன்றுகூடப் படவில்லை. அவர் வலை வீசினால் நினைத்த இடத்தில் ஒரு சாண் பிசகாமல் விழும். இதை நான் யோசித்துப் பார்த்திருக்கலாம்.

அந்த ஒன்பது வருஷத்தில் மற்ற படகுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இவர் மட்டும் விடியற்காலையில் அரிவாளால் வழி வெட்டிக்கொண்டு இறங்குவார். வெட்டிய வழி ஒரு வாரத்தில் மூடிக்கொள்ளும். இலைக்கடியில் மூச்சு முட்டி மீன்கள் செத்தன. கடைசியில் ஐஸ் கம்பெனியில் காவல் வேலைக்கு ஒப்புக்கொண்டார்.

படகை நாங்கள் இருவரும்தான் இழுத்தோம். அடிப்பலகையில் வேர்கள் தாடி மாதிரி தொங்கின. அவற்றைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்:

"இந்தப் படக உங்க நர்சரி வாசல்ல போட்டுக்கங்க மச்சான். மண்ணக் கொட்டி ஏதாச்சும் பூச்செடி வைங்க. பார்க்க அழகா இருக்கும்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வாழ்நாளில் முதல் தடவையாக ஓர் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

"மாப்ள, அந்த வாத்து..."

"அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"இல்ல, அது வந்து..."

"அன்னிக்கு நான் கத்தினப்பவே அவ மூஞ்சியப் பார்த்தேன் மச்சான்." குரலைத் தாழ்த்தினார். "நான் வாத்துன்னு நம்புறேன்னுதான் அவ ராத்திரி தூங்குறா. அதக் கெடுத்துறாதீங்க."

அதற்குள் தங்கை வந்துவிட்டாள். கரையில் கிடந்த படகைப் பார்த்தாள்; அதன் விளிம்பைத் தொட்டாள். ஏரியில் கொஞ்ச தூரத்தில், இலைகளின்மேல் ஒரு வாத்து உட்கார்ந்திருந்தது. அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள்.

"எல்லாம் இந்தச் சனியனாலதான்" என்று எறிந்தாள். கல் வாத்துக்கு எட்டுப் பத்தடி தள்ளி விழுந்தது.

"விடு, நான் அடிக்கிறேன்" என்று அவரும் ஒன்று எறிந்தார். அது இன்னும் தள்ளி விழுந்தது.

சத்தமே வரவில்லை. இரண்டு கல்லும் மூழ்காமல் பச்சை இலைகளின்மேல் கிடந்தன. வாத்து எழுந்து, இரண்டு கால்களையும் நன்றாக ஊன்றி, அவற்றைத் தாண்டி நடந்து போனது.