ரித்திகா தூங்கும் நேரம்

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் ஜீப் ஓட்டும் சின்னராஜுக்கு ஒரே தங்கை சசிகலா. நர்ஸ் வேலை கிடைத்து அவள் அயர்லாந்துக்குப் போனாள். கணவன் கோகுல்ராஜும் இரண்டு வயது ரித்திகாவும் பின்னாலேயே போனார்கள். அங்கே குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்டால், கர்ப்பமாக இருக்கும்போதே பெயர் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள்.

கோகுல்ராஜுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. சசிகலா டியூட்டிக்குப் போனபின், ஒரு மீட்டிங்கின் நடுவே ரித்திகா அவன் மடியில் ஏறி, மேனேஜருக்கு நாலு பக்கம் வெறும் கமாவாக அனுப்பிவிட்டாள். அன்றைக்கே அவன் மச்சானைக் கூப்பிட்டான்.

"பக்கத்துலதான் மச்சான் இருப்பேன். அவ தூங்கற வரைக்கும் வீடியோவுல கொஞ்சம் வேடிக்கை காட்டுங்க, போதும்."

"இதுல இன்னா கஷ்டம்" என்றான் சின்னராஜ்.

கஷ்டம் இருந்தது. அங்கே குழந்தை தூங்கும் மதிய நேரம், இங்கே திருப்பத்தூருக்குக் கடைசி ட்ரிப் கிளம்பும் நேரம். சிக்னல் கிடைப்பதும் ஜீப் நிற்கும் மேட்டில் மட்டும்தான்.

முதல் நாள் போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்து ஆடு மாதிரி கத்தினான். ரித்திகா அழுதாள். பின்சீட்டில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த மங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஆடு அப்டியாடா கத்தும்? வவுத்து வலி வந்தா மாதிரி கீது. குடு இப்டி."

அவள் கத்தியதும் ரித்திகா சிரித்தாள். அடுத்த நாள் பக்கத்து சீட்டில் இருந்த புளி வியாபாரி பழனி சேவல் ஆனார். தினமும் அதே ட்ரிப்பில் வரும் ரேணுகாதேவி டீச்சரைக் குரங்காகக் கத்தச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டு, மயில் என்றால் யோசிக்கலாம் என்றார். ஒரே வாரத்தில் யாருக்கும் ஜீப் தாமதமாவது உறைக்கவே இல்லை.

ஒருநாள் மயில் அகவும்போதே ரித்திகா கண் மூடினாள்.

"யாரும் பேசாதீங்க. நீ கட் பண்ணிடு" என்று கிசுகிசுத்தார் பழனி.

"கட் பண்ணா அங்க டொய்ங்குனு சத்தம் வருதுண்ணா. நேத்து அதுலதான் முழிச்சிக்கிச்சு. சிக்னல் தானா போனா சத்தம் வராது."

"அப்போ வண்டிய எடு."

சின்னராஜ் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். அந்த ஜீப்பைக் கிளப்பினால் மலையே முழித்துக்கொள்ளும்.

அவன் ஸ்டியரிங்கைப் பிடிக்க, எல்லோரும் சத்தமில்லாமல் இறங்கித் தள்ளினார்கள். மங்கம்மாள் மட்டும் இறங்கவில்லை. ஒரு கையில் போன், மறு கையில் பலாப்பழம். 'மெதுவா' என்று கண்ணாலேயே அதட்டினாள். பழனிக்குத் தும்மல் வந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியத் தள்ளினார். வளைவு திரும்பியதும் சிக்னல் போனது. எல்லோரும் ஏறிக்கொள்ள, சின்னராஜ் எஞ்சினைக் கிளப்பினான்.

"மியூட் பண்ணிட்டு கிளம்பியிருக்கலாமே" என்றார் டீச்சர்.

பழனி வாயிலிருந்து துண்டை எடுத்தார்.

"தள்றப்போ சொல்றதுக்கு இன்னா டீச்சர்?" என்றார் பழனி.

"பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அடிவாரத்தில் சிக்னல் வந்ததும் கோகுல்ராஜின் குரல் செய்தி வந்து விழுந்தது. ரித்திகா இன்னும் தூங்குகிறாள்; மீட்டிங் முழுசாக முடிந்தது; அவனும் பக்கத்திலேயே கொஞ்சம் படுக்கப் போகிறான். சின்னராஜ் அதை எல்லோருக்கும் இரண்டு தடவை போட்டுக் காட்டினான்.

"அவனும் தூங்கட்டும், பாவம்" என்றாள் மங்கம்மாள்.