ஹோஷிம் சொன்ன அறுபது

ஹோஷிமின் வாக்குக்கு மின்சார அலுவலகம் போட்ட விலை, கிலோவாட் ஒன்றுக்கு மணிக்கு ஐயாயிரம் சோம். அதற்கு முன் பத்தொன்பது வருஷமாகக் கோகந்த் சந்தையில் அந்த வாக்குக்கு யாரும் விலை கேட்டதில்லை. அது யாருக்கும் கட்டுப்படியாகாத சரக்கு.

அவர் தொழிலே வாக்குதான். சந்தைக்குப் பின்தெருவில் இரண்டு குளிர்க்கூடங்கள் வைத்திருந்தார். மொத்த வியாபாரிகள் லாரி லாரியாக ஐஸ்கிரீமைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, ரசீது வாங்காமல் போய்விடுவார்கள். ஹோஷிம் எண்ணிக்கொண்டாரா, அது போதும். அவர் ஒருமுறை சொன்ன எண்ணை மாற்றிவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பினால் மறுநாள் ஆளுக்கொரு ரசீதுப் புத்தகத்தோடு வருவார்கள். மறுவாரம் வரவே மாட்டார்கள்.

அப்படிப்பட்டவரிடம்தான் எல்யோர் வந்து சேர்ந்தான். தாஷ்கந்தில் அடுக்குமாடியில் வளர்ந்து, விலைச்சீட்டு ஒட்டிய கடைகளிலேயே சாமான் வாங்கிப் பழகிய இளம் பொறியாளன். அக்குளில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. கோடை உச்சத்தில், சில்லா நாற்பது நாளும், ஊரெல்லாம் ஏசி ஓடி மாலை ஆறிலிருந்து எட்டு வரை மின்கம்பிகள் மூச்சுத் திணறுகின்றன. அந்த நேரத்தில் வியாபாரிகள் கொஞ்சம் மின்சாரத்தை விட்டுக்கொடுத்தால் அலுவலகம் காசு கொடுக்கும் என்றான். யாரும் ஓடிப்போய் சுவிட்சைத் தட்ட வேண்டாம். அலுவலகத்திலிருந்து தகவல் வரும், பெட்டி தானே அணைக்கும், எட்டு மணிக்குத் தானே போடும். ஒன்றே ஒன்று: இரண்டு மணி நேரச் சராசரி, சொன்ன அளவுக்குக் குறைந்தால் ஒப்பந்தம் ரத்து. ரத்தானவர் பெயரை அலுவலக வாசலில் ஒட்டிவிடுவார்கள்.

மரியாதைக்கு அவன் கையை நீட்டினான். ஹோஷிம் பிடித்தார், விடவில்லை. கோகந்தில் பேரம் அப்படித்தான் நடக்கும். பிடித்த கையை ஒருவர் ஒரு விலை சொல்லிக் குலுக்குவார், மற்றவர் வேறு விலை சொல்லிப் பதிலுக்குக் குலுக்குவார். தோள்பட்டை வலிக்கத் தொடங்கும்போதுதான் இருவருக்கும் நியாயம் தோன்றும். கை பிரிந்துவிட்டால், கடைசியாகச் சொன்ன எண் அசையாது.

"எவ்ளோ விட்டுக்குடுக்க முடியும்ணே?" என்றான் எல்யோர்.

உண்மையில் முப்பது. முதல் கூடம் பனிக்கோட்டை, இரண்டு மணி நேரம் அணைத்தாலும் அசையாது. இரண்டாவது கூடத்தில் சாயங்காலம் முழுக்கக் கடைக்காரர்கள் வந்து கதவைத் திறந்து திறந்து மூடுவார்கள். அதை அணைத்தால் ஐஸ்கிரீம் கஞ்சியாகிவிடும். ஆனால் சந்தையில் மாடு விற்பவர் பதினாறு லிட்டர் கறக்கும் என்பார், வாங்குபவர் எட்டுக்கு இறக்குவார், எட்டுதான் கறக்கும் என்பது மாட்டுக்குக்கூடத் தெரியும். முப்பது கறக்கும் கூடத்துக்கு ஹோஷிம் முறைப்படி அறுபது என்றார்.

எல்யோர் மீட்டரை எட்டிப் பார்த்தான். இரண்டு கூடமும் சேர்ந்து அறுபதுக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. "ரொம்ப நன்றிண்ணே" என்று கையை உருவிக்கொண்டு அறுபது என்று எழுதினான்.

ஹோஷிமின் கை காற்றில் ஒருமுறை தனியாகக் குலுங்கி நின்றது. எதிர்த்தேநீர்க்கடையில் தலைகளெல்லாம் திரும்பின. தச்சர் எர்காஷ் மட்டும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்ணன் இன்னிக்குப் பேரமே பேசாம வித்துட்டாரு. உடம்புக்கு ஏதும் சொகமில்லயா?"

இனி எண்ணைக் குறைக்க வழியில்லை. சாட்சிக்கு ஒரு தேநீர்க்கடையே உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு எல்யோருக்குப் போன் போட்டார். குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கவில்லை, அது வாயில் வராது. அந்த அறுபதும் தன் மீட்டரிலிருந்தே வரவேண்டுமா என்று மட்டும் விசாரித்தார். ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்த எல்யோர், ஒரே டிரான்ஸ்பார்மரின் கீழ் இருப்பவர்கள் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் செல்லும், கூடுதல் பெட்டிகளைத் தானே கொண்டுவந்து மாட்டுகிறேன் என்றான். அந்தத் தெருவுக்கு ஒரே டிரான்ஸ்பார்மர்தான். ஹோஷிம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முப்பது கிலோவாட் கொள்முதலுக்குக் கிளம்பினார்.

எர்காஷின் மரம் உலர்த்தும் அறையில் பன்னிரண்டு கிலோவாட் கிடைக்கும். ஆள் எந்த இக்கட்டில் இருக்கிறார் என்று தெரிந்தவரிடம் வாங்குவதைவிடப் பாவம் வேறில்லை. எர்காஷ் எட்டாயிரத்தில் ஆரம்பித்தார். கால்மணி நேரம் கை குலுங்கியது. ஆறாயிரத்தில் பிரிந்தது, கிலோவாட்டுக்கு ஆயிரம் நஷ்டம். அந்த விலையைக் காதில் வாங்கிக்கொண்டிருந்த தேநீர்க்கடைக்காரர் தன் இரண்டு ஏசிக்கும் சேர்த்து நான்கு கிலோவாட், அதே ஆறாயிரம், ஒரு காசு குறையாது என்றார்.

மிச்சம் பதினான்கு. தெருமுனையில் மஸ்தூரா கல்யாண உடுப்பு தைக்கும் பட்டறை வைத்திருந்தாள். இஸ்திரிப் பெட்டிகளுக்கு நீராவி கொடுக்கும் பெரிய கொதிகலன் அங்கே உண்டு. ஹோஷிம் போனபோது கூடத்து வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு என்றார். பதினாலு என்றாள். தேவைப்பட்டதும் பதினாலு. பெண்ணிடம் கை குலுக்குவதற்குப் பதிலாக நெஞ்சில் கை வைத்து, "சரிக்கா, வெல ஆறாயிரம்" என்று சொல்லிவிட்டு லாரியைப் பார்க்க ஓடினார். அவள் முகம் ஏன் சுருங்கியது என்று நின்று கேட்க நேரமில்லை.

வியாழக்கிழமை ஐந்து மணிக்குத் தகவல் வந்தது. ஆறு மணிக்குப் பெட்டிகள் வரிசையாகச் சொடக்குப் போட்டன. முதல் கூடம் அடங்கியது. எர்காஷின் அறையும் தேநீர்க்கடை ஏசிகளும் அடங்கின. தெருவில் குருவிச் சத்தம் கேட்டது. ஹோஷிம் போனில் எண்ணைப் பார்த்தார். ஐம்பத்தாறு.

ஏறும் என்று காத்திருந்தார். பத்து நிமிஷம் ஆகியும் அது ஐம்பத்தாறிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்தார். தன்னுடையது முப்பது, எர்காஷ் பன்னிரண்டு, தேநீர்க்கடை நான்கு, மஸ்தூரா பத்து.

பட்டறைக்குள் நுழைந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, பதினாலுன்னீங்களே."

"சொன்னேன். நீங்க பத்துக்கு எறக்குவீங்கன்னு நெனச்சேன்."

"நான் எறக்கலயே."

"அதத்தான் நானும் மூணு நாளா யோசிக்கிறேன். ஏன் எறக்கல?"

திட்ட வேண்டும் என்றுதான் வந்தார். திட்டினால் அந்தத் திட்டு அறையைச் சுற்றிவந்து யார் தலையில் விழும் என்பது விளங்கிவிட்டதால், அணைக்க வேறேதும் உண்டா என்று கண்ணை ஓட்டினார். தையல் இயந்திரங்களை நிறுத்தச் சொல்ல முடியாது. சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு மணப்பெண் உடுப்புக்கு இன்னும் கையே வைத்தாகவில்லை.

திரும்பும் வழியில் மனக்கணக்குப் போட்டார். இழந்த நிமிஷங்களையும் ஈடுகட்ட வேண்டுமென்றால் உடனே ஐந்து வேண்டும். அவருடைய அலுவலக ஏசி இரண்டு. போகிற போக்கில் அணைத்தார். மூன்று? தெருவில் மூன்று கிலோவாட் குடிக்கிற சாமான் ஒன்றுதான் மிச்சம்: தேநீர்க்கடையில் வெந்நீர் கொதிக்கும் மின்சார சமோவார்.

கடையில் ஏசி இல்லாமல் வியர்த்துக்கொண்டு பதினேழு பேர் இருந்தார்கள். சமோவாரை அணைக்க வேண்டும் என்றதும், கோகந்தின் மேல் படையெடுப்பு வந்ததுபோல் பார்த்தார்கள். எர்காஷ் எழுந்து கையை நீட்டினார். எல்லோர் சார்பிலும் அவர்தான் பேசுவதாகத் தெரிந்தது.

"ஏசியும் இல்ல. டீயும் இல்லன்னா நாங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கோம், உங்க மூஞ்சியப் பாக்கவா?"

"ஆளுக்கொரு ஐஸ்கிரீம்" என்று குலுக்கினார் ஹோஷிம்.

"மூணு."

"தொண்ட கட்டிக்கும்."

"எங்க தொண்ட, எங்க பாடு. மூணு."

"ரெண்டு. பிஸ்தா போட்டது."

பதினேழு முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு எர்காஷ் கையை விட்டார். சமோவார் அணைந்தபோது மணி ஆறு இருபத்துநாலு. போனில் அறுபத்தொன்று.

அதற்குப் பிறகு தொண்ணூற்றாறு நிமிஷம் ஹோஷிம் புழுங்கும் அலுவலகத்தில் போனை முழங்காலில் வைத்துக்கொண்டு, யாரும் எதையும் போட்டுவிடாமல் தெருவைக் காவல் காத்தார். வாசலில் பதினேழு பேர் பிஸ்தா ஐஸ்கிரீம் நக்கும் சத்தம் அவருக்குப் பணம் எண்ணும் சத்தம்போலவே கேட்டது, எண்ணுவது அடுத்தவன் என்பதுதான் வித்தியாசம்.

எட்டு மணிக்குப் பெட்டிகள் மறுபடி சொடக்குப் போட்டன. சராசரி அறுபது என்று தகவல் வந்தது. அறுபதுக்கு மேலே ஒரு துளி இல்லை, கீழேயும் இல்லை. பின்னாலேயே எல்யோர் போனில் கூப்பிட்டு, பிரமாதம்ணே, அடுத்த மாசம் எண்ணை ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். பேசுவது போனில்தான் என்றாலும் ஹோஷிம் இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, யோசிச்சுச் சொல்றேன் தம்பி என்றார்.

பிறகு நோட்டைத் திறந்தார். பதினாலு என்று ஒப்புக்கொண்டபின் பத்துக்குப் பணம் கொடுப்பது அவர் வழக்கம் இல்லை, பதினாலுக்கே எழுதினார்.

வரவு, அலுவலகம்: ஆறு லட்சம் சோம். பற்று, எர்காஷ்: ஒரு லட்சத்து நாற்பத்துநாலாயிரம். தேநீர்க்கடை: நாற்பத்தெட்டாயிரம். மஸ்தூரா: ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். பிஸ்தா ஐஸ்கிரீம் முப்பத்துநாலு: ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம். கைக்கு மிச்சம்: ஒரு லட்சத்து நாலாயிரம்.

சொன்னது அறுபது. கொடுத்தது அறுபது. மஸ்தூராவிடமிருந்து வரவேண்டியது: நான்கு கிலோவாட்.